அல்லியேரி ஏட்டைப் பிடித்திருந்தவன் யார் ஆள்

நலம் பெருகுக. கடலும் மலையும் வேலியாய் நிற்கும் தாழைவள நாட்டை ஆளும் கோச்செழுவ மாமன்னர் திருவாய் மலர்ந்தருளியபடி, திருமுக நாயகம் சாத்தன் குமரன் எழுதுவது. முன்னாள் கிளிமண்டபத்து அதிபதியும், கிளிகளுக்கு மன்னர் புகழ் ஓதக் கற்பித்த பேராசானும், இப்போது நெய்தல்வாயிலில் ஓய்வு கொண்டு வாழ்பவருமான பூதி அரங்கனார் கண்டுகொள்க. தங்கள் தோட்டமும் மாடும் சுற்றமும் தழைக்க மன்னர் வாழ்த்துகிறார். வாழ்த்து இத்துடன் முடிந்தது. இனிச் செய்தி.

அரண்மனை ஏட்டுப் பண்டாரத்தின் வழக்கம் தாங்கள் அறியாததன்று. எந்த மண்டபத்துக்கு எந்த ஏடு வேண்டுமானாலும் அம்மண்டபத்தின் ஆள் சாளரத்தில் வந்து நின்று வாங்குவான். அவன் கையில் இருக்கும்வரை அந்த ஏட்டை வேறொருவர் தொடலாகாது. மண்டபங்களுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாதென்று காலஞ்சென்ற பெரிய மன்னர் விதித்தபடி, யாருடைய ஆள் என்று கேட்டால் எல்லோரும் ‘அரசர் ஆள்’ என்றே சொல்வார்கள். இவ்விதியை நாடே கொண்டாடியது. அதன் பலனை இந்த ஐப்பசியில் அனுபவித்தோம்.

அடைமழையில் அல்லியேரி நிரம்பிக் கரை விளிம்பைத் தொட்டது. எந்த மதகை எவ்வளவு தூக்குவது, எவ்வூருக்கு முதலில் பறையறைவது என்பதெல்லாம் அல்லியேரி ஏட்டில் உள்ளது. ஏரி அதிகாரி கண்ணந்தையார் நனைந்தபடி சாளரத்துக்கு ஓடினார்; நானும் உடன் சென்றேன். ஏடு ஒருவன் கையில் இருந்தது. நெடிய ஆள். பெயர் காடன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஏட்டை மார்போடு அணைத்துக் கம்பியில் சாய்ந்து நின்றான். யார் அனுப்பியது என்று கேட்டதற்கு, “அரசர் ஆளுங்க. ஏட்ட வாங்கிப் புடிச்சுக்கிட்டு நில்லு, வந்து சொல்றோம்னாங்க. இன்னும் வரலைங்க” என்றான். எப்போதிலிருந்து என்றோம். “போன மழைக்கு முந்துன மழையிலேருந்துங்க” என்றான்.

பிடித்து வெளியே தள்ளியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். ஏடு வைத்திருப்பவனை வலிந்து நீக்கினால், அவன் எக்காரியத்துக்காக வந்தானோ அக்காரியம் தொடங்கவே இல்லை என்று கொள்ளவேண்டும், சட்டம் அப்படி. முன்பொரு முறை தள்ளப்பட்டவன் மணமண்டபத்து ஆளாக இருந்துவிட்டான். இளவரசியாரின் திருமணம் நடக்கவே இல்லை என்றாயிற்று. இரண்டு குழந்தைகளோடு அரண்மனையில் வாழ்ந்துகொண்டிருந்த மருமகனார் மறுபடி பெண் கேட்டு வரவேண்டியதாயிற்று. அன்று முதல் சாளரத்தருகே யார் குரல் உயர்ந்தாலும் அவர் குழந்தைகளை அணைத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறார்.

எனவே அவனை அனுப்பியது யார் என்று மண்டபம் மண்டபமாகக் கேட்டோம். தம் ஆட்களுக்கு இவ்வளவு நேரம் சும்மா நிற்க வராது என்று யானைக்கொட்டிலார் தெரிவித்தனர். தம் ஆளாக இருந்தால் உடம்பு இப்படி மெலிந்திராது என்று மடைப்பள்ளியார் வருந்தினர். தங்களுக்கும் ஓலை விடுத்தோம். தங்கள் ஆள் எவரும் எங்கும் நிற்கவில்லை என்று தாங்கள் அழகிய கையெழுத்தில் மறுமொழி தந்தீர்கள். இதற்குள் கரையில் நீர் கசியத் தொடங்கிற்று. ஏரிக்குக் கீழேயுள்ள தாழ்குடி என்னும் ஊரின் மக்கள் பானைகளையும் ஆடுகளையும் கூரைமேல் ஏற்றினார்கள்.

அப்போது கண்ணந்தையார், இவன் இத்தனை காலம் எதைத் தின்று நிற்கிறான் என்று வினவினார். அதுவரை எவருக்கும் அது தோன்றவில்லை. உச்சிப்பொழுதில் ஒரு பெண் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து கம்பி வழியே ஊட்டிவிட்டுத் திரும்பினாள். அவனுக்குத்தான் கை ஒழியாதே. நானும் கண்ணந்தையாரும் மழையில் அவளைப் பின்தொடர்ந்தோம். அவள் போய் நுழைந்தது பூட்டிக் கிடக்கும் தங்கள் கிளிமண்டபத்தின் பின்கட்டில்.

அவள் பெயர் சிறுநங்கை, அம்மண்டபத்துச் சமையற்காரி. அல்லியேரியின் பெருமையை ஒரு கிளிக்குக் கற்பிக்கத் தாங்கள் விரும்பியதையும், ஏடு வாங்கக் காடனை அனுப்பியதையும், அதற்குள் கிளி பறந்துபோனதையும், தாங்கள் மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்ததையும் அவளே சொன்னாள். பின் ஏன் இன்னும் சமைக்கிறாய் என்றேன். “மண்டபத்த மூடச் சொன்னாங்க. அந்த ஆளப் பட்டினி போடச் சொல்லலையே” என்றாள்.

கிளிமண்டபத்தில் எஞ்சியவள் அவள் ஒருத்தியே ஆதலால், அவள் சொல்லே அம்மண்டபத்தின் ஆணை என்று அங்கேயே தீர்ப்பளித்தேன். அவள் சாளரத்துக்கு வந்து, “போதும், குடுத்துரு” என்றாள். காடன் கொடுத்தான். மதகுகள் உயர்ந்தன. கரை நின்றது. தாழ்குடியில் ஒரு வைக்கோற்போர் போனதன்றிச் சேதமில்லை.

மன்னர் அன்றே பழைய விதியை நீக்கி, இனி ஒவ்வொருவனும் தான் யார் ஆள் என்பதைச் சொல்லியே ஏடு தொடவேண்டும் என்று ஆணையிட்டார். பண்டாரத்துக் கணக்கர் முதலில் காடனைக் கேட்டார்.  இனி அரசர் ஆள் என்று சொல்லக்கூடாது. அவனை அனுப்பிய மண்டபமோ மூடப்பட்டுவிட்டது. அவன் கண் கலங்குவதை நானே பார்த்தேன். சிறுநங்கை சோற்றுக்கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, “என் ஆளுன்னு எழுதிக்குங்க” என்றாள். கணக்கர் என்னைப் பார்த்தார். எழுதும்படி சொன்னேன்.

ஆகவே தங்களுக்கு ஆணை. வருகிற தைத் திங்களில் இருவருக்கும் மணம். காடனுக்குத் தாய்தந்தை இல்லை. அவன் தங்கள் ஆளல்லன் என்று எழுதிய தாங்களே மாப்பிள்ளையின் தந்தையாக நின்று, சீர்த்தட்டு ஏந்தி, பெண்வீட்டாரின் கேலிகள் அனைத்தையும் முகம் கோணாமல் கேட்டுக்கொள்ளவேண்டும். தாங்கள் வராவிடில் அவ்விடத்தில் மன்னரே நிற்பார். ஏன் நிற்க நேர்ந்தது என்று பிறகு தங்களிடம் தனிமையில் உசாவுவார்.

மன்னர் முன்னிலையில் எழுதி, வாசித்துக் காட்டி, தாழம்பூ முத்திரை பொறித்தோம். மறுமொழி ஓலை வேண்டா, தாங்களே வருக.