உறைமேல் முழு முகவரி

சின்னக்குட்டி,

உறையைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். புருஷனுக்குப் பயந்து நீ ஒளிந்திருக்கும் இந்த மூன்று வருஷமும் வெற்று உறையாகத்தான் அனுப்பினேன். ஆபீசில் தபால் பிரிக்கும்போது உன் தெருவுக்கான பெட்டியில் போட்டுவிடுவேன், யாருக்கு என்று தபால்காரருக்குத் தெரியும். இன்று கதவு எண்ணோடு எழுதியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். இது இடது கை.

நேற்று மத்தியானம் உன் புருஷன் தபாலாபீசுக்கே வந்தார். நான் தனியாகத் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். "வாங்க மாப்பிள்ளை" என்று எழுந்தேன், பழக்கதோஷம். கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"அவ அட்ரஸைச் சொல்லுங்க அண்ணி."

தெரியாது என்றேன். என் வலது கையை மேஜையில் அழுத்தி, ஒரு விரலை ஒடித்துவிட்டு மறுபடி கேட்டார். நாலாவது விரலிலும் "அண்ணி" என்றுதான் கூப்பிட்டார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அப்புறம் அவர் பார்வை பெட்டிகள் பக்கம் போயிற்று. அத்தனை தபாலுக்கு நடுவே முகவரியே இல்லாத உறை ஒன்றுதான். பெட்டிமேல் உன் தெருப் பெயர். என் கெட்டிக்காரத்தனம்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. வாய்விட்டுப் படித்தார், சிரித்தார், வாசலுக்கு நடந்தார்.

"டேய்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

திரும்பினான். தபால் முத்திரை குத்தும் இரும்புச் சுத்தி என் இடது கையில் இருந்தது.

நெற்றியில் நேற்றைய தேதி தெளிவாகப் பதிந்திருக்கிறதாம். எத்தனை தடவை குத்தினாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் எண்ணவில்லை, சின்னக்குட்டி.

இனிமேல் உறைக்குப் பின்னால் உன் முகவரியைத் தாராளமாக எழுது. என் புது முகவரியைத்தான் திங்கட்கிழமை கோர்ட்டில் சொல்வார்கள்.

உன் அக்கா