பாஞ்சாலையின் பிரண்டை

திருவண்ணாமலை

அன்பு மகன் ஆதவனுக்கு, அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் மருமகள் கவிநிலாவும் சுகம்தானே. வேங்கிக்காலில் டவர் சரியில்லை, அதனால்தான் அம்மா பேசவில்லை என்று அப்பா சொன்னது பொய். எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆயிற்று. பதறுவதானால் முழுக்கப் படித்துவிட்டுப் பதறு.

போன வருஷமே எலும்பெல்லாம் வலி, தீராத தாகம், மறதி. கிரிவலத்தில் அடி அண்ணாமலையைத் தாண்ட முடியாமல் ஆட்டோவில் திரும்பினேன். வயசு என்றார்கள். அப்பா கால்சியம் மாத்திரை வாங்கி வந்தார், பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை எலும்புக்கு நல்லதென்று பிரண்டையைக் கொண்டுவந்து கொட்டினாள், தினமும் துவையல்தான். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்திருக்கிறோம். கிட்னியில் கல் வந்து ரத்தம் பார்த்தபோதுதான் கால்சியம் ஏற்கெனவே எக்கச்சக்கம் என்று தெரிந்தது. தைராய்டுக்குப் பின்னால் பருப்பளவில் நாலு சுரப்பி இருக்குமாம், பாராதைராய்டு என்று பெயர். அதில் ஒன்று நெல்லிக்காயளவு வீங்கி, எலும்பில் இருப்பதை உருவி ரத்தத்தில் விட்டிருக்கிறது. வேலூர் டாக்டரம்மா, "இவ்ளோ ஜாஸ்தி இருந்தா கேன்சரா இருக்கலாம்மா, ஊசி குத்திப் பாத்தா பரவிடும், முழுசா எடுத்துட்டுதான் சொல்ல முடியும்" என்றார். தைராய்டில் பாதியோடு சேர்த்து எடுத்தார்கள். கேன்சர்தான். இதற்குக் கீமோ அவ்வளவாகக் கேட்காதாம், கத்திதான் வைத்தியம். இனிமேல் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், கால்சியம் மறுபடி ஏறினால் அது திரும்பி வந்திருக்கலாம். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், காய்ந்து கிடந்த எலும்பு இப்போது ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தையெல்லாம் உறிஞ்சுகிறதாம், அதனால் அதே மாத்திரையை டாக்டரே வேளைக்கு வேளை தருகிறார். அப்பாவுக்கு ஒரே பெருமை, "நான் அப்பவே வாங்கியாந்தேன் பாரு" என்கிறார். பாஞ்சாலையிடம் பிரண்டை விஷயம் சொல்லவில்லை, பாவம், அழுதுவிடுவாள்.

அவசரமாக டிக்கெட் போடாதே, லீவைத் தீபத்துக்கு வைத்துக்கொள். சில குடும்பங்களில் இது பிள்ளைகளுக்கும் வருமாம், நீயும் ஒரு முறை கால்சியம் பார்த்துவிடு, மறக்காதே. இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருங்கள்.

கட்டி குரல் நரம்பில் ஒட்டியிருந்தது, அதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்வேன். யாரோ கரகரவென்று பேசுகிற மாதிரி இருக்கும். ராங் நம்பர் என்று வைத்துவிடாதே.

உன் அம்மா,
அன்புச்செல்வி