ரம்பத்தின் மூடி

என்னங்க,

சாப்பாட்டுப் பையில் இதை வைத்து என் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில் போட்டிருக்கும் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியவில்லை.

பட்டறைக்குப் புது டேபிள் ரம்பம் பார்த்துவிட்டேன். பத்து அங்குல பிளேடு. பலகையைத் தள்ளுவதற்கு இரண்டு கட்டைகளும் தருகிறார்கள். பிளேடு மேல் இருக்கும் மூடி மட்டும் கழற்றவே முடியாததாக வேண்டும் என்று நான்கு தடவை கேட்டேன். கடைக்காரர் சலித்துப்போய், "நீங்க கழட்டாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நேற்று டாக்டரிடம், "மூடிய நான்தான் கழட்டிட்டு மாட்ட மறந்திருப்பேன், புத்தி கெட்டவன்" என்றீர்களே, அப்போதுதான் நான் தண்ணீர் பிடிக்க எழுந்து போனேன். கூஜா நிறையத்தான் இருந்தது.

டிராயர் பலகையில் காடிப் பள்ளம் வெட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று மூடியைக் கழற்றியது நான். மாட்ட மறந்ததும் நான். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, அதை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்ததும் நான்தான்.

இனியும் நான் உங்களோடு பட்டறையில் நிற்கலாம் என்று நீங்கள் சொன்னால் மட்டும் ரம்பத்தை வாங்குகிறேன். காலிச் சாப்பாட்டு டப்பாவில் பதில் வையுங்கள். இடது கையால் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவேன்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி