அக்கா நெற்றிக்குக் குங்குமம்

பிரியமே,

அங்கே மகளும் பேத்தியும் சுகம்தானே? போனில் பேசினால் பக்கத்தில் படுத்திருக்கும் அக்காவுக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன். இனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவொற்றியூரில் தனியாகக் கிடப்பாளே என்று டோல்கேட்டுக்கு, நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். விசைப்படகில் போன அத்தான் இன்னும் கரைக்கு வரவில்லை.

சபையில் யாராவது உன்னிடம் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நான், சபை மூப்பன், அம்மன் கோயில் வாசலில் நின்றேன்.

அத்தானைக் கட்டியதிலிருந்து அக்காவுக்கு அம்மன்தானே. "அவுரு கடல்ல இருக்கச்சொல்ல நான் வெறும் நெத்தியோட இருக்கக் கூடாதுடா" என்று அழுதாள். பூசாரி அவளுடைய நட்சத்திரம் கேட்டார். நம் வீட்டில் யாருக்கு அதெல்லாம் பார்த்தோம்? "கடலுக்குப் போனவர் பெண்சாதி" என்றேன். குங்குமத்தை மடித்துக் கொடுத்தார்.

அவளால் கையைத் தூக்க முடியவில்லை. நானேதான் வைத்துவிட்டேன். போன் கேமராவில் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடா இது, அடிபட்ட மாதிரி கீது!" பிறகு, "நீ உன் ஜெபத்தப் பண்ணு, நான் கேட்டுகினே தூங்குறேன்" என்றாள்.

அந்தக் குங்குமத்தை அக்காவின் சிமிழில் போட்டு பைபிள் அலமாரியில் வைத்திருக்கிறேன். வந்ததும் திட்டவேண்டுமென்றால் என்னைத் திட்டு. அதை மட்டும் எடுத்துவிடாதே.

தினமும் வைக்கிறேன், இன்னும் வட்டம் வரவில்லை. அவள் போவதற்குள் படகு வந்துவிட வேண்டும் என்று ஜெபிக்கிறேன். நீயும் ஜெபி.

உன் வீட்டுக்காரன்