மலை பார்க்கப் போய்த் திரும்பாதவனுக்கு

மச்சான்,

இன்று காலை மாத்தளை பஸ் நிலையத்தில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து கணுக்காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மலையில் அட்டை ஏறாமல் இருக்கத்தான். நனைந்த சவர்க்காரத்தின் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நாம் மலைக்குப் போன நாளில் தேய்த்துக்கொண்டது ஞாபகம் வந்தது. "அங்கிள், ரிவஸ்டன் பஸ் இதுதானே?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆமாம் என்றேன். அடையாள அட்டை எடுத்தீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். சிரித்துக்கொண்டு போகிற பிள்ளைகளிடம் அதை ஏன் கேட்க வேண்டும்?

நமக்கு அப்போது உயர்தர வகுப்பு. உயிரியல் பாடத்துக்கு நீயும் நானும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து நீ விடியுமுன் நடந்து பஸ் பிடித்து வருவாய். வாப்பாவின் கடைக்கு மேலேயே குடியிருந்த நான் தினமும் உனக்குப் பிறகுதான் வந்து சேர்வேன். என் அடுத்த வீட்டு சுனிலின் சித்தப்பா இலுக்கும்புரவில் இருந்தார். சனிக்கிழமை போய் அவர் வீட்டில் தங்கி, பத்தனைப் புல்வெளியையும் அங்குள்ள மிருகங்களையும் பார்த்துவிட்டு ஞாயிறு திரும்புவதென்று மூன்று பேரும் பேசிக்கொண்டோம்.

உன் அப்பா போகச் சொல்லிவிட்டார். உன் ஐசியை, அந்த அடையாள அட்டையை மட்டும் தர மறுத்துவிட்டார்.

அந்த அட்டை சும்மா கிடைத்ததா? உன் பிறப்புப் பதிவில் பெயரே இல்லை, ஆண் பிள்ளை என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதைத் திருத்த உன் அப்பா வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்து ஆபீசுக்கும் கிராம சேவகர் வீட்டுக்கும் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குமாக அலைந்தார். கடைசியில் வந்து சேர்ந்ததும் பொலித்தீனில் சுற்றி, சாமி படத்துக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். உங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஐசி பெட்டியில்தான் இருக்கும். "ஆத்துல கீத்துல விழுந்தா திரும்ப யாரு அலையறது? அது பொட்டியிலயே கெடக்கட்டும்"னு சொல்லிட்டாரு என்று நீ மூக்கால் அழுதாய். "யாரு மச்சான் காட்டுல ஐசி கேக்கப் போறது? மரைமானா?" என்று சுனில் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிறு விடியல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பத்தனையில் புல் முழங்கால் வரை நனைத்தது. பனி கொஞ்சம் விலகியபோது ஒரு மரை தன் குட்டியோடு நின்று நம்மைப் பார்த்தது. பிறகு ஏலக்காட்டின் ஓரத்தில் மூக்கு நுனியில் இலை ஒட்டியது போன்ற அந்த ஓணானை நீதான் கண்டுபிடித்தாய். ஈர மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு, "தொடாதீங்கடா, பாவம், அதுக்கு இந்த மலைய விட்டா வேற எடம் இல்ல" என்று எங்களை விரட்டினாய். மிருகங்களைப் படித்தால் வருகிற வேலை என்னவென்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கங்காணி மாதிரி மலையைச் சுற்றிப் பார்க்கிறாய் என்று நான் கேலி செய்தேன். நீ கோபிக்கவில்லை. "பொறந்ததுலேர்ந்து மலையிலதான் இருக்கோம். மலைய சும்மா பாக்கறதுக்குன்னு வந்தது இன்னிக்குத்தான்" என்றாய்.

அன்று காலை கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. மலையில் இருந்த நமக்கு அது எப்படித் தெரியும்? இறங்கும் வழியில், முதல் நாள் இல்லாத இடத்தில் ஒரு சோதனைச் சாவடி முளைத்திருந்தது. எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள். நானும் சுனிலும் ஐசியைக் காட்டினோம். நீ வகுப்பு அட்டையை நீட்டினாய். சீருடைக்காரன் அதைப் பார்க்கக்கூட இல்லை, உன் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னான். "அபே யாளுவெக்", எங்கள் கூட்டாளி சேர் என்று சுனில் சிங்களத்தில் கெஞ்சினான். அவன் நெஞ்சில் துவக்குப் பிடியால் இடித்துத் தள்ளினார்கள். நீ அழவில்லை. "அப்பாகிட்ட சொல்லி ஐசிய எடுத்துட்டு வாங்கடா" என்றாய். காற்சட்டை முழுக்கப் பத்தனை மண்ணோடு ஜீப்பில் ஏறினாய்.

செய்தியைச் சொன்னதும் உன் அப்பா பெட்டியைத் திறந்து ஐசியை எடுத்தார். விடிந்ததும் வாப்பாவும் அவரும் நானும் முகாமுக்குப் போனோம். பொலித்தீனோடு ஐசியை நீட்டினார். அப்படி ஒரு ஆளை இங்கே கொண்டுவரவில்லை என்றார்கள். அடுத்த இடத்திலும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகு போன எந்த இடத்திலும் வேறு பதில் கிடைக்கவில்லை. உன் புது ஐசியைக் கையில் வைத்துக்கொண்டே, அப்படி ஒருத்தன் இல்லையென்று ஒரு தகப்பனின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை. உனக்காகத் துஆ கேட்கும்போதும் உயிரோடு இருப்பவனுக்கா, மவுத்தானவனுக்கா என்று தெரியாமல்தான் கை ஏந்துகிறேன்.

சுனில் வெளிநாடு போய்விட்டான். உன் அம்மா காலமாகிவிட்டார். அப்பா அதே லயத்தில்தான் இருக்கிறார், கண் மங்கிவிட்டது. தீபாவளிக்குப் போவேன். பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, வருஷா வருஷம் அதே கேள்வியைக் கேட்பார்.

"தம்பி, அன்னிக்கு ஐசிய குடுத்துவிட்டிருந்தா புள்ள வந்திருப்பானோ?"

"இல்ல மாமா. ஐசி இருந்தவங்களையும்தான் கொண்டுபோனாங்க" என்பேன். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். பிறகுதான் தேத்தண்ணீர் குடிப்பார்.

வரிசையில் உனக்கு முன்னால் ஒருத்தன் நின்றான், மச்சான். உன் வயதுதான், அவனும் தோட்டத்துப் பையன்தான். ஐசியைக் கொடுத்தான். அதையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏறு என்றார்கள். அவன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

அன்று ஐசியோடு வந்த ஒருவரையும் அவர்கள் பிடித்துவைக்கவில்லை. உன் அப்பா இருக்கும் வரைக்கும் இது என் வாயிலிருந்து வராது.