சனியன் சௌக்கியமா?

தம்பிக்கு,

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அதற்காகப் பழசை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பாவை எடுத்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்க, "நீ ஒழுங்கா பாத்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார்" என்று சொன்னாய். மூன்று வருடம் அவருக்கு மலமும் மூத்திரமும் அள்ளியவன் நான்.

எனக்குக் குடலில் புற்றுநோய். ஐந்து முறை மருந்து ஏற்றியாகிவிட்டது, இன்னும் மூன்று பாக்கி. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், சட்டைப் பொத்தானை உன் அண்ணிதான் போட்டுவிடுகிறாள். எழுத்து கோணலாக இருப்பதும் அதனால்தான்.

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆன்லைனில் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகால் அசைப்பது, மூச்சுப் பயிற்சி, கடைசியில் தியானம். இருபது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவனுக்கு ஒரு சின்னப் பெண் மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கிறாள். அண்ணியின் நச்சரிப்புக்காகத்தான் சேர்ந்தேன். ஆனால் அந்த இரண்டு நாளும் கொஞ்சம் தூக்கம் வருகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் அந்தப் பெண், பிடிக்காத ஒருவரை நினைத்து, அவர் நலமாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லச் சொன்னாள். நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். "அந்தச் சனியன் நல்லா இருந்து தொலையட்டும்" என்று முணுமுணுத்தது வகுப்பில் சேர்ந்திருந்த எட்டு நோயாளிகள் வீட்டிலும் கேட்டுவிட்டது. மொட்டைத் தலையோடு இருந்த ஒரு டைப்பிஸ்ட் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யார் சார் அது?" என்றார். தம்பி என்றேன். "அதானே, கூடப்பிறந்ததுன்னாதான் இவ்ளோ சூடு வரும்" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் அந்த அம்மாவின் முதல் கேள்வி, "சார், சனியன் சௌக்கியமா?" என்பதுதான். மற்றவர்களும் பதிலுக்குக் காத்திருப்பார்கள். நல்லா இருக்கான் என்கிறேன். நீ இருக்கிறாயா என்பதே எனக்குத் தெரியாது. பொய் சொல்லி அலுத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே, படிக்கத் தெம்பில்லை. எட்டாவது மருந்து ஏறுவதற்குள், வகுப்பில் சொல்ல ஒரே ஒரு வரி அனுப்பு, போதும். நல்லா இரு.

'உன் அண்ணன்' என்று முடிக்கப் போனேன், பேனா ஓடவில்லை. அந்த வார்த்தையை நீ முதலில் எழுது. கீழே கையெழுத்துப் போடாமலே பழைய விலாசத்துக்குத் தபாலில் சேர்க்கிறேன். எவ்வளவு கோணினாலும் என் கையெழுத்து உனக்குத் தெரியும்.