அண்ணன் பெயர் எந்தத் தாளில்

அன்புள்ள அம்மாவுக்கு, ரிக்சின் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? பார்லி அறுத்தாயிற்றா? நான் நலம். ஸ்பிதியில் பயணிகளை மடம் மடமாக அழைத்துப் போய்க் கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று ஒரு வேடிக்கை. மலைமேல் மடத்தில் பயணிகள் தங்கள் வீட்டார் பெயர்களைப் பிரார்த்தனைக்குக் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டிருந்த லாமா என்னையும் கேட்டார். அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"தார்ச்சினா? இருக்கறவரா, போனவரா? ரெண்டும் வேற வேற தாள்ப்பா."

நான் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

"வழியெல்லாம் நம்மளத் தூங்க விடாம கதை சொன்ன ஆளு, இப்பப் பாருங்க, ஊமையாயிட்டாரு!" என்றார் ஒரு பயணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் இன்னும் வலிக்கிறது.

சான்ஸ்கார் ஆறு உறைந்திருந்தபோது அதன் மேல் நடந்து போன அண்ணன் திரும்பவில்லை. இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நீங்கள் இன்னும் அவன் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிவைப்பதாக அத்தை எழுதியிருந்தாள்.

கடைசியில் லாமாவுக்குப் பதில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எந்தத் தாளில் என்று கேட்காதீர்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கதவுக்குப் பின்னால் தொங்கும் அண்ணனின் ஆட்டுத்தோல் கோட்டை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். கோட்டின் கைகளை மட்டும் வெட்டிச் சின்னதாகத் தைத்துவிடுங்கள், அம்மா. எனக்குக் கை அவனளவு நீளமில்லை.

ரிக்சின்